பன்னிரண்டு அடி தூரத்தில் ஒரு செம்பருந்து

தம்பி,

வீட்டில் கூப்பிடுகிறபடியே எழுதுகிறேன். நீ என் ஒரே மகன். இன்னும் மூன்று வாரத்தில் உன் மனைவி நதாலியோடு பிரான்சுக்குப் போகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை எடை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்துச் சுவரில் தொங்கும் செம்பருந்துப் படத்தின் நெகட்டிவ் வேண்டும் என்று கேட்டாய். அங்கே நீ வேலைக்குச் சேரப்போகும் பறவைப் பூங்காவின் வரவேற்பறையில் அதைப் பெரிதாக அச்சிட்டு மாட்டப் போகிறார்களாம். "எங்கம்மா எடுத்ததுன்னு சொன்னதும் அசந்துட்டாங்கம்மா" என்றாய். தேடிப் பார்க்கிறேன் என்றேன். திங்கட்கிழமை கேட்டாய், தேடுகிறேன் என்றேன். புதன்கிழமையும் அதையே சொன்னேன். அது தொலையவில்லை, தம்பி. பீரோவில் உன் பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறையில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் நீ முழுவதுமாக ஸ்கேன் செய்வாய். செய்தால், நான் அச்சில் வெட்டிப்போட்ட கீழ்ப்பகுதி உன் கணினித் திரையில் வந்து நிற்கும். அதை நீயாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு அறுபத்து நான்கு வயதாகிறது. கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. இதை இன்னும் சுமந்துகொண்டிருக்கத் தெம்பில்லை.

எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைப் பத்திரிகைக்கு எழுதுவானேன் என்று நீ கேட்பாய். அந்தப் படம் அச்சில் வந்தது. அதன் கீழே நான் சொன்ன ஊர்ப்பெயர் அச்சில் வந்தது. அச்சில் வந்த தவறுக்குத் திருத்தமும் அச்சில்தான் வரவேண்டும் என்பது நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தின் வழக்கம். மற்றவர்கள் செய்த பிழைகளுக்கு மூன்று வரியிலும் நான்கு வரியிலும் எத்தனையோ திருத்தம் எழுதியிருக்கிறேன். என்னுடையது தாமதமாகித் தாமதமாகி இவ்வளவு நீளமாகிவிட்டது. பத்திரிகைக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு பிரதியை, நெகட்டிவோடு சேர்த்து, உன் மேசைமேல் வைக்கிறேன். முதலில் நீ படி. ஊர் அப்புறம் படிக்கட்டும்.

படம் எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம். செம்பருந்து ஒன்று இரண்டு சிறகையும் முழுக்க விரித்திருக்கிறது. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, வளைந்த அலகு பாதி திறந்திருக்கிறது. கண் நேராகப் பார்ப்பவரைப் பார்க்கிறது. பின்னால் சாம்பல் நிறத்தில் கலங்கலாக ஏரி நீர். "ஊசுட்டேரியில் இரையைக் குறிவைக்கும் செம்பருந்து" என்று கீழே போட்டிருந்தார்கள். ஞாயிறு இணைப்பின் முதல் பக்கத்தில் வந்தது. அதற்கு ஒரு பரிசும் கிடைத்தது. அதற்கு முன் ஏழு வருடமாக நான் அந்தப் பத்திரிகையின் புதுச்சேரி அலுவலகத்தில் பகுதிநேர நிருபர். படக்காரர் என்று தனியாக யாரும் கிடையாது, அலுவலகக் கேமராவை யார் தூக்குகிறார்களோ அவர்தான். சட்டசபை, வேலைநிறுத்தம், துப்பாக்கிச்சூடு என்றால் ஆண்கள் தூக்குவார்கள். என் பக்கம் வரும்போது, "ஏம்மா, தாவரவியல் பூங்காவுல மலர்க் கண்காட்சி, போயிட்டு வந்துடுறியா? அப்பிடியே கோலப் போட்டியும் இருக்காம்" என்பார்கள். செம்பருந்து வந்த மறுமாதம் என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். அதற்கப்புறம் கோலப் போட்டிக்கு என்னை யாரும் அனுப்பவில்லை.

இனி நடந்தது. அப்போது உனக்கு இரண்டு வயது. கனகசெட்டிக்குளத்தில் கடல் அரிப்பு பற்றிச் செய்தி எடுக்க மொபெட்டில் போயிருந்தேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரின் குடிசைப் பக்கத்தில், ஒரு மூங்கில் முளையில் செம்பருந்து உட்கார்ந்திருந்தது. நான் கிட்டே போயும் பறக்கவில்லை. இடது காலில் தூண்டில் போடும் தங்கூசி நரம்பு, அதன் மறுமுனை முளையில். அவர் பெயர் தேசிங்கு. நாற்பது வயதிருக்கும். "காத்துல தென்ன மரத்துலேர்ந்து உழுந்துடுச்சும்மா, ரெக்க மொளைக்காத குஞ்சு. காக்கா கொத்த வந்துச்சு, தூக்கியாந்துட்டேன்" என்றார். மூன்று வருடமாக வளர்க்கிறார். அவிழ்த்துவிட்டாலும் கூரைக்குப் போய்த் திரும்பி வந்துவிடும், தெரு நாய்க்குப் பயந்துதான் கட்டுகிறேன் என்றார். நரம்பு காலை அறுக்காமல் இருக்க, கைலியில் கிழித்த சிவப்புத் துணியை நாலு சுற்றுச் சுற்றி அதன்மேல்தான் கட்டியிருந்தார். அவர் மனைவி முத்தாலு மீன் கூடையைக் கழுவியபடி, "எனக்குக் கொழம்புக்குப் பொடிசு காரப்பொடி மீனு, அதுக்கு மட்டும் வஞ்சிரத்துத் துண்டு. இவரு தாலி கட்னது எனக்கா அதுக்கான்னு கேளும்மா, பேப்பர்ல போடு" என்றாள். மூவரும் சிரித்தோம். நான் கடல் அரிப்பை மறந்துவிட்டேன்.

அன்று எடுத்த படங்கள் ஒன்றுக்கும் உதவாதவை. வயிறு நிறைந்த பருந்து கோழி மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அரைக்கண் மூடியிருக்கும். நாளைக் காலை வருகிறேன், அதுவரை தீனி போடாதீர்கள் என்று தேசிங்கிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. "பட்டினி போட்டாம்மா போட்டோ புடிக்கணும்? அது நம்பிக்கினு ஒக்காந்துகினு கீதும்மா." முத்தாலு அவரைவிடக் கறாராகப் பேசினாள். "ஒனக்குப் புள்ள கீதா? ரெண்டு வயசா? அதுக்கு ஒரு வேள சோறு போடாம வுட்டு போட்டோ புடி, அப்புறமா வா." அப்போது நான் சொன்னதைத்தான் இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடமும்கூட. "அண்ணே, இந்தப் பறவையக் கட்டி வெக்கிறதே கேஸுண்ணே. ஃபாரஸ்ட்காரங்களுக்குத் தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிடுவாங்க, ஒங்களையும் சேத்து" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மிரட்டல் என்று யாரும் எழுதிக் காட்ட முடியாதபடி சொல்வதற்கு அதற்குள் எனக்குத் தொழில் பழகியிருந்தது. தேசிங்கு கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "செரிம்மா, காலைல வா" என்றார். முத்தாலு கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன். வெயில் பக்கவாட்டில் நன்றாக விழுந்தது. பின்னால் குடிசை தெரியாமல் இருக்க, படகின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொன்னேன். நீயும் ஊரும் ஏரி நீர் என்று நினைத்த சாம்பல் நிறம் அந்தத் தார்ப்பாய்தான். கேமரா வழியாகப் பார்த்தபோது காலில் துணி தடித்துத் தெரிந்தது. துணியை எடுத்துவிடுங்கள், வெறும் நரம்பு என்றால் படத்தில் தெரியாது என்றேன். எடுக்கமாட்டேன் என்றார், மறுபடி சொன்னேன். எடுத்தார். நான் ஒரு கவிழ்த்த கூடைமேல் ஏறி நின்றேன். தேசிங்கை எனக்குப் பின்னால் நிற்கவைத்து, ஒரு கவலை மீனை என் தலைக்கு மேலே தூக்கிக் காட்டச் சொன்னேன். முதல்நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் தின்னாத பறவை அது. மீனைப் பார்த்ததும் எம்பியது. நரம்பு பிடித்து இழுத்தது. விழுந்தது, மறுபடி எம்பியது. ஒவ்வொரு முறையும் சிறகு முழுசாக விரிந்தது. பதினொரு படம் எடுத்தேன். ஒன்பதாவதில் காலிலிருந்து இரத்தம் வருவதைப் பார்த்தேன். தேசிங்கும் பார்த்தார், "போதும்மா, போதும், நரம்பு அறுக்குது" என்றார். "ஒண்ணே ஒண்ணுண்ணே" என்று சொல்லி இரண்டு எடுத்தேன். சுவரில் மாட்டியிருப்பது பதினொன்றாவது.

அந்தக் கண்ணை எல்லோரும் புகழ்ந்தார்கள். வேட்டையின் வெறி என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உன் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரும் அதை வீரத்துக்கு உதாரணமாகச் சொன்னதாக நீ வந்து பெருமையாகச் சொன்னாய். அந்தப் பறவைக்குக் கால் வலித்தது, அவ்வளவுதான்.

இரத்தம் தெரிந்ததால் படத்தில் காலை வெட்ட வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் படத்தைப் பெரிய அச்சாகப் போட்டு, பின்பக்கம் நீலப் பென்சிலால் எதுவரை வேண்டும் என்று கோடு போட்டு, கவரில் வைத்து, தலைமை அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம். அங்கே ஆள் வந்து வாங்கிக்கொள்வார். நான் வயிற்றுக்குக் கீழே கோடு போட்டேன். படத்துக்கு விளக்கம் எழுதும்போது வெறுமனே "செம்பருந்து" என்றுதான் எழுதினேன், பொய் சொல்லக் கூடாது என்று அதில் ஒரு நேர்மையாம். சாயந்திரம் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "படம் பிரமாதம்மா. எங்க எடுத்தது?" என்று கேட்டார் உதவி ஆசிரியர். பக்கத்து மேசைகளில் மூன்று ஆண் நிருபர்கள் உட்கார்ந்திருந்தார்கள், மூவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "ஊசுட்டேரி சார்" என்றேன். ஒரே ஒரு சொல். நான் அச்சில் சொன்ன பொய் அது ஒன்றுதான், தம்பி, ஆனால் என் வேலை அதன்மேல்தான் நின்றது.

இருபது நாள் கழித்து இணைப்பை எடுத்துக்கொண்டு கனகசெட்டிக்குளம் போனேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன் என்று சொன்னால் நம்புவாயா? நிஜமாகவே நினைத்தேன். தேசிங்கு கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் வந்தார். "கால எங்கம்மா காணோம்?" என்றார். நான் இடம் பத்தவில்லை, வெட்டிவிட்டார்கள் என்றேன். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஊசுட்டேரி என்று போட்டிருந்ததையும் படித்தார், தாளை மடித்து என்னிடமே நீட்டினார். பறவை வலைக் குவியல் மேல் சாய்ந்தாற்போல உட்கார்ந்திருந்தது. கட்டு இல்லை. இடது பாதம் கறுத்துச் சுருங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் விழுந்துவிடும் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் கனகசெட்டிக்குளத்தில் எந்தச் செய்தி என்றாலும் வேறு யாரையாவது அனுப்பினேன்.

இதோடு முடிந்திருந்தால் இது என்னோடு போயிருக்கும். ஆனால் நீ அந்தப் படத்துக்குக் கீழேதான் வளர்ந்தாய். பதினான்கு வயதில் ஒருநாள் அதன் முன்னால் ஸ்கேலும் கையுமாக நின்றுகொண்டு, "135 லென்ஸ்ல இவ்ளோ பெருசா வரணும்னா பன்னெண்டு அடிலதான் இருந்திருக்கணும். எப்பிடிம்மா பன்னெண்டு அடி வரைக்கும் வுட்டுது?" என்று கேட்டாய். கணக்கு மிகச் சரி. கூடையிலிருந்து முளை வரை பன்னிரண்டு அடிதான் இருந்திருக்கும். நான் "பொறுமைதான்" என்றேன். எந்த இடம் என்று கேட்டாய். அந்த வாரமே உன்னை ஊசுட்டேரிக்குக் கூட்டிக்கொண்டு போய், கரையில் ஒரு ஒற்றைப் பனையைக் காட்டி, இதன் நிழலில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். நான் அதுவரை அந்தப் பனையைப் பார்த்ததுகூட இல்லை. இத்தனை மணி, வெயில் இந்தப் பக்கம், காற்று அந்தப் பக்கம் என்று விவரம் வேறு சொன்னேன். விவரம் இருந்தால் செய்தியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்த வித்தை, அதை உன்னிடமே காட்டினேன்.

இங்கே புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்ததும் நீ தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கினாய். ஆறு பனிக்காலம், ஞாயிறு தவறாமல், சாரத்தில் இருக்கும் நம் வீட்டிலிருந்து விடியலில் கிளம்பி அந்தப் பனைக்குக் கீழே போய் உட்கார்ந்தாய். பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கொசுக்கடி வாங்கிக்கொண்டு. செம்பருந்து உன் தலைக்கு மேலே உயரத்தில் போகும், அடிவயிறுதான் தெரியும், பின்னால் வெளுத்த வானம். காட்டுப் பறவையை நாம் எப்போதும் கீழிருந்துதான் பார்க்கிறோம். அதன் முதுகும் விரிந்த சிறகும் கண்ணும் ஒன்றாக, பன்னிரண்டு அடியில், நமக்குக் கொஞ்சம் கீழே கிடைக்க வேண்டுமென்றால் அதைக் கட்டிவைத்திருக்க வேண்டும். நீ அதை யோசிக்கவில்லை, ஏனென்றால் உன் அம்மா கட்டாமல் எடுத்திருந்தாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, "இன்னிக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்பாய். நான் இட்லி ஊற்றிக்கொண்டே "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பேன். ஆறு பனிக்காலத்துக்கு எத்தனை ஞாயிறு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், அத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

ஒன்றுமில்லை என்று நீ சொன்ன நாட்களில் நீ எடுத்தவற்றை நான் பார்த்திருக்கிறேன். நான்காவது வருடம் ஒரு விராலடிப்பானை எடுத்தாய், குளிர்காலத்தில் எங்கிருந்தோ வந்து மீன் பிடித்துத் தின்னும் பருந்து. படத்தில் சின்னதாக இருந்தது, ஆனால் மீனை நகத்தில் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்திருந்தது, காற்றைக் கிழித்துப் போவதற்கு. அதன் பின்னால் நீரில் அது எழும்பிய இடத்தில் வட்டம் இன்னும் கலையவில்லை. கோரைமேல் தாழப் பறந்த பூனைப்பருந்தையும், அதைப் பார்த்து ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டிய நீர்க்கோழிகளையும் ஒரே படத்தில் எடுத்திருந்தாய். முப்பது வருடம் படம் தேர்ந்தெடுத்தவள் சொல்கிறேன், நம் ஊர்ப் பத்திரிகைகளில் இந்த மாதிரிப் பறவைப் படம் நான் பார்த்ததில்லை. உன்னிடம் அதைச் சொன்னேனா? "தூரமா இருக்கும்மா, உன்னுது மாதிரி வரல" என்று நீ சொன்னாய். நான் "ம்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அப்படியென்றால் உன்னுடையது எப்படிக் கிட்டத்தில் இருக்கிறது என்ற கேள்வி வரும் என்று பயந்தேன். கனகசெட்டிக்குளத்தில் செய்ததைவிட இதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் சோர்வாக இருக்கிறது. அங்கே செய்தது ஒரு காலைப்பொழுது. இதை ஆறு வருடம் செய்தேன்.

போன மாதம் இந்த வேலை பற்றி நீ சொன்னபோது நான் கத்தியது நினைவிருக்கும். கழுகும் வல்லூறும் கூண்டில் பிறந்தவை, ஆள் கையுறையில் உட்கார்த்திக் கொண்டுவந்து பாசி படிந்த கட்டைமேல் விடுவார், கேமராக்காரர்கள் வட்டமாக நின்று எடுப்பார்கள், அவர்களுக்கு நீ சொல்லித்தரப் போகிறாய் என்றாய். "கசாப்புக் கடையில ஆட்டைப் படம் புடிக்கிற மாதிரி, இதுக்கா ஆறு வருசம் ஏரிக்கரையில ஒக்காந்த?" என்றேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற உன் மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் "அலோர், செரி அப்போ, நான் கெளம்பறேன்" என்று எழுந்துவிட்டார். நீ மட்டும் குரலை உயர்த்தவில்லை. "அங்க கூண்டுப் பறவைன்னு கீழ எழுதியே குடுத்துடுவாங்கம்மா. யாரும் யாரையும் ஏமாத்தல" என்றாய். அப்புறம், "உன்ன மாதிரி எனக்கு வராதும்மா. ஒக்காந்து பாத்துட்டேன். எனக்கு அந்தப் பொறுமை இல்ல போல, கண்ணும் இல்ல போல. கட்டிப்போட்ட பறவையாவது எடுத்துப் பொழைக்கிறேன்" என்றாய். நதாலி உன் முதுகில் கை வைத்தாள். அந்த நிமிடமே எழுந்து பீரோவைத் திறந்திருக்க வேண்டும். ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

இதை எழுதுவதற்கு முன் முத்தாலுவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வியாழக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். குடிசை இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு. தேசிங்கு இறந்து ஒன்பது வருடமாகிறதாம். முத்தாலு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கருவாட்டுக்குக் காவல் இருந்தாள். யாரென்று சொன்னதும், "கூட மேல ஏறி நின்னவளா? பாதிக் கூடய ஒடச்சிட்டுப் போனியே" என்றாள். இன்னொரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் எழுதப்போவதைச் சொன்னேன். பறவை என்ன ஆயிற்று என்று கேட்டேன். பாதம் விழுந்த பிறகு இரண்டு வருடம் இருந்ததாம். ஒற்றைக்காலில் நிற்க முடியாமல் கூரையில் மார்பை வைத்துப் படுத்திருக்குமாம், இவர் ஏணி வைத்து ஏறி ஊட்டுவாராம்.

"புண்ணு ஆன அன்னிக்கே டவுன்ல மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துனு போலாம்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். கேஸ் ஆவும்னு நீ சொல்லிட்டுப் போனியே. வேணாம்டி, அந்தம்மா பேப்பருக்காரி, சும்மா சொல்லாதுன்னுட்டாரு. மஞ்சள அரச்சுப் போட்டாரு. மஞ்சளுக்கா கேக்கும்?"

எனக்கு இது தெரியாது, தம்பி. பாதம் போனதற்கு நரம்பு காரணம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வைத்தியம் பார்க்க விடாமல் செய்தது நான் சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு வாக்கியம். மன்னித்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "அதுக்குச் சொல்லு போயி. அதுவும் போச்சு, அவரும் போனாரு" என்றாள். உங்கள் பெயரைப் போடாமல் எழுதுகிறேன் என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது அவளுக்கு. "ஏன் போடமாட்ட? அவரு பட்டினி போடமாட்டேன்னு சொன்னாரு, துணிய எடுக்கமாட்டேன்னு சொன்னாரு, போதும்மான்னு சொன்னாரு. தேசிங்குன்னு போடு. எம்பேரையும் போடு. ஒம் பேரயும் போடுவியா மாட்டியா?" போடுவேன் என்றேன். ஆசிரியர் குழு சம்மதித்தால் இந்தக் கடிதத்தின் மேலே என் பெயர் இருக்கும். உன் பெயரை மட்டும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நெகட்டிவ் உறையில் பதினொரு கட்டங்களும் இருக்கின்றன. கடைசி மூன்றில் கால் பக்கம் பார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பதால் இரத்தம் வெளுப்பாகத் தெரியும், பழுது என்று நினைத்துத் துடைத்துவிடாதே. பூங்காக்காரர்களுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். அனுப்பினால் முழுதாக அனுப்பு, கீழே கனகசெட்டிக்குளம் என்று எழுது, கட்டிவைத்த பறவை என்று எழுது. கூடத்தில் தொங்கியதை இன்று காலை கழற்றிவிட்டேன். சுவரில் சதுரமாக வெளுப்பு இருக்கிறது, வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அந்த வேலை கேவலம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கூண்டுப் பறவையைக் கூண்டுப் பறவை என்று சொல்லி எடுப்பவன் என்னைவிட நேர்மையானவன். பறக்க விடுவதற்கு முன் தினமும் பறவையை எடை பார்ப்பார்கள், கொஞ்சம் பசி இருந்தால்தான் கைக்குத் திரும்பி வரும் என்று நீ சொன்னாய் அல்லவா? போன முதல் நாளே அந்த எடைக் குறிப்பை வாங்கிப் பார். எவ்வளவு பசி என்பதை யார் முடிவு செய்கிறார்கள், படம் எடுக்க வருகிறவர் இன்னும் கொஞ்சம் என்று கேட்டால் யார் மாட்டேன் என்று சொல்கிறார்கள் என்று கேள். அப்படி ஒரு ஆள் இருந்தால் அது நல்ல இடம். இல்லையென்றால், அந்த ஆளாக நீ இரு. கண்ணைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்காதே, பார்க்காமல் விட்டவள் என்ற தகுதிதான்.

போவதும் போகாததும் நீயும் நதாலியும் முடிவு செய்வது. டிக்கெட் எடுத்தாயிற்று, பெட்டியும் எடை பார்த்தாயிற்று, போவாய் என்றுதான் நினைக்கிறேன். போ. உனக்குக் கண் இல்லை, பொறுமை இல்லை என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதே. அந்தப் பனைக்குக் கீழே எனக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்கவில்லை என்று ஆறு வருடம் நினைத்தாய். அங்கே எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. நான் அங்கே உட்காரவே இல்லை. உட்கார்ந்தவன் நீ ஒருவன்தான்.

இதைப் படித்த பிறகு என்னிடம் பேசப் பிடிக்காமல் போகலாம். நான் காரணம் கேட்க மாட்டேன், உன் அப்பாவையும் தூது அனுப்ப மாட்டேன். கிளம்பும் நாளில் சென்னை விமான நிலையத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யாதே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் கார் ஓட்ட என் முட்டி இன்னும் தாங்கும். என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லையென்றால் நதாலியோடு பின்னால் உட்கார்ந்துகொள். வழியில் எங்கேயாவது நிறுத்த வேண்டுமென்றால் மட்டும் சொல்.

அம்மா